தாவும் எழுத்துகளும் வழிவழிச் சொத்தும்

வாரிசுரிமையைக் குறிக்கத் தமிழில் உள்ள சொற்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். பூர்வீகச் சொத்து, பிதுரார்ஜிதம், முதுசொம், தாய்வீட்டுச் சீதனம், குலத்தொழில், பரம்பரை நோய். இவை அனைத்தும் மேலிருந்து கீழே இறங்குகின்றன. கூரையில் விழுந்த மழைநீர் முற்றத்திற்கு வருவதைப்போல, பாட்டனாரிடமிருந்து தந்தைக்கும் தந்தையிடமிருந்து பிள்ளைக்கும் வந்து சேர்கின்றன. பக்கத்து வீட்டிலிருந்து வந்ததற்கு நாம் வைத்திருக்கும் பெயர் வேறு. அது இரவல். இரவலை யாரும் மரபு என்று சொல்வதில்லை.

பூஞ்சைகளின் உலகில் இந்த வேறுபாடு அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை என்பதைக் கடந்த ஓராண்டில் படித்தறிந்தேன். அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

தொடக்கப்பள்ளித் தமிழாசிரியைக்குப் பூஞ்சையோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஐந்தாம் வகுப்பு மாணவர்களுக்காக நெல்லைப் பற்றிய ஒரு கருத்தறிதல் பகுதியைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். அதில் 'குலை நோய்' என்ற சொல் வந்தது. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நெல் என்பது தேக்காவில் மூட்டையாக அடுக்கப்பட்டிருக்கும் அரிசியின் பழைய பெயர், அவ்வளவுதான். குலை என்றால் என்ன, அது ஏன் நோயாகிறது என்று அவர்கள் கேட்டால் தெளிவாகச் சொல்லவேண்டுமே என்று விக்டோரியா சாலையிலுள்ள தேசிய நூலகத்தில் வார இறுதிகளில் படிக்கத் தொடங்கினேன். இரண்டு வாரத்தில் முடியும் என எண்ணிய வாசிப்பு ஓராண்டாக நீண்டது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்றது மொழி கற்பித்தல். ஆதலால் எனக்குப் பழக்கமான ஏடுகளையும் எழுத்துகளையும் கொண்டே இதை விளக்க முயல்கிறேன்.

பழைய ஓலைச்சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஓலை அதிகக் காலம் தாங்காது. செல்லரித்துப் போகுமுன் யாராவது அதைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதியாகவேண்டும். எழுதுபவர் கண் அயர்ந்தால் ஓர் எழுத்து மாறும். சில இடங்களில் யாரோ புதிய வரியொன்றைச் சேர்த்துவிடுவர். அதை இடைச்செருகல் என்கிறோம். அடுத்துப் படி எடுப்பவருக்கு மூலம் எது, செருகல் எது என்று தெரியாது. இரண்டையும் ஒரே பக்தியுடன் எழுதி வைப்பார். இவ்வாறு இடைச்செருகலும் வழிவழிச் சொத்தாகிவிடுகிறது.

இப்போது ஓர் விநோதமான இடைச்செருகலைக் கற்பனை செய்யுங்கள். அந்த வரியின் பொருளே "என்னைப் படி எடுத்து இந்த நூலின் வேறோர் ஏட்டில் செருகு" என்பதுதான். படி எடுப்பவர் அதன் சொற்படியே நடக்கிறார். சில தலைமுறைகளில் அந்த நூலின் ஏடெங்கும் அவ்வரி பரவிவிடும். சில இடங்களில் வெற்று ஓரத்தில் அமரும். சில இடங்களில் நல்ல செய்யுளொன்றின் நடுவில் விழுந்து அதைப் பொருளற்றதாக்கும்.

உயிர்களின் மரபணுத் தொகுதியில் இத்தகைய வரிகள் உண்மையாகவே உள்ளன. அவற்றைத் தாவும் மரபுக்கூறுகள் என்கின்றனர். 1940களில் அமெரிக்க அறிவியலாளர் பார்பரா மெக்கிளின்டாக், மக்காச்சோள மணிகளின் நிறத்தில் தோன்றிய புள்ளிகளை ஆராய்ந்து இவற்றைக் கண்டறிந்தார். மரபணுக்கள் மாலையில் கோத்த மணிகளைப்போல் தத்தம் இடத்தில் அசையாமல் இருக்கும் என்று நம்பிய காலம் அது. அவர் கூறியதைப் பெரும்பாலோர் பல ஆண்டுகள் பொருட்படுத்தவில்லை. நோபல் பரிசு 1983இல்தான், அவரது 81ஆம் வயதில் வந்தது. அதே மெக்கிளின்டாக்தான் 1944இல் நியூரோஸ்போரா என்னும் பூஞ்சைக்கு ஏழு குரோமோசோம்கள் உள்ளன என்பதையும் நுண்ணோக்கியில் எண்ணிக் காட்டினார். அந்தப் பூஞ்சையைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

தாவும் கூறுகளில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. ஒரு வகை, இருந்த இடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். மற்றொரு வகை, இருந்த இடத்தில் இருந்தபடியே தன்னை ஆர்.என்.ஏ.வாகப் படி எடுத்து, அப்படியை மீண்டும் டி.என்.ஏ.வாக மாற்றி வேறிடத்தில் செருகும். மனிதரின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ பாதி இத்தகைய கூறுகளும் அவற்றின் சிதைவுகளுமே. பூஞ்சைகளிடையே இந்த அளவு பெரிதும் வேறுபடுகிறது. ரொட்டியை உப்பச் செய்யும் ஈஸ்ட்டில் இது ஏறக்குறைய 3 விழுக்காடு. பிரான்சில் மண்ணுக்கடியில் விளைந்து பெருவிலைக்குப் போகும் கருங்காளானில் 58 விழுக்காடு என 2010இல் கணக்கிடப்பட்டது.

இனி குலை நோய்க்கு வருகிறேன். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாகப் பதிவானது 1913இல், தஞ்சைக் காவிரிக் கழிமுகத்தில். 1919இல் அதே பகுதியில் அது பெருஞ்சேதம் விளைவித்தது. இரவில் பனி இறங்கி இலையில் ஈரம் நெடுநேரம் தங்கும் மார்கழி, தை மாதங்கள் இதற்கு உகந்த காலம். தழைச்சத்து மிகுந்த வயலில் இன்னும் வேகமாகப் பரவும். முதலில் இலையில் கண் வடிவப் புள்ளிகள் தோன்றும். பிறகு கதிரின் கழுத்துக் கருகும். கழுத்துக் கருகிய கதிரில் பால் பிடிக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் விளைந்த வயல் போலவே இருக்கும். அருகில் சென்று கையில் பிடித்தால் பதர். கழிமுகத்துக் கிராமத்திலிருந்து இங்கு வந்த எங்கள் அத்தை இதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார், வீட்டில் நேர்ந்த ஒரு சாவைச் சொல்வதைப் போல.

இந்நோயை உண்டாக்கும் பூஞ்சை, இலையின்மீது விழுந்த ஒரு வித்திலிருந்து குமிழ் போன்ற உறுப்பொன்றை வளர்த்து, அதனுள் ஏறத்தாழ 80 வளிமண்டல அழுத்தத்தைத் திரட்டி இலையின் தோலைத் துளைக்கிறது. மகிழுந்துச் சக்கரத்தில் உள்ள காற்றழுத்தத்தைப்போல் சுமார் நாற்பது மடங்கு. உலகில் இந்நோயால் ஒவ்வோர் ஆண்டும் அழியும் நெல் ஆறு கோடி மக்களின் உணவுக்குப் போதும் என மதிப்பிடுவதுண்டு. நெல் வயலே இல்லாத நம் சிங்கப்பூரிலும் தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகத்தில் இப்பூஞ்சையை ஆராய்ந்துள்ளனர் என்பதைப் படித்தபோது வியப்பாக இருந்தது. பிறகு யோசித்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வயல் நம்மிடம் இல்லாவிட்டாலும் வயிறு நம்மிடமும் உள்ளதே.

இப்பூஞ்சையின் மரபணுத் தொகுதி 2005இல் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ நான்கு கோடி எழுத்துகள் கொண்ட அந்த நூலில், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு திரும்பத் திரும்ப வரும் வரிகள். அவற்றுள் பெரும்பான்மை தாவும் கூறுகள்.

அவை சும்மா இருப்பதில்லை. நெற்பயிரிடம் காவலர்களைப் போன்ற மரபணுக்கள் உள்ளன. பூஞ்சை செலுத்தும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைக் கண்டுகொண்டால் காவல் விழித்துக்கொள்ளும். தொற்றிய இடத்துத் திசுவைப் பயிர் தானே கருக்கி, நோய் பரவாமல் தடுக்கும். அவ்வாறு காட்டிக்கொடுக்கும் புரதங்களுள் ஒன்றை உருவாக்கும் பூஞ்சை மரபணுவுக்கு ஏ.வி.ஆர்.-பீட்டா என்று பெயர். அந்த மரபணுவின் முகப்பில் 'பாட்3' என்னும் தாவும் கூறு வந்து விழுந்ததால், பூஞ்சை அப்புரதத்தை உருவாக்காமல் போனதை 2001இல் ஆய்வாளர் வெளியிட்டனர். காவலருக்குத் திருடனின் அடையாளம் தெரியவில்லை. அதுவரை தாங்கி நின்ற நெல் வகை நோய்க்கு ஆளானது. ஓர் ஏட்டில் விழுந்த ஒரு செருகல், ஒரு வயலின் விளைச்சலைத் தீர்மானித்துவிட்டது.

இந்தக் கதையில் கோயம்புத்தூருக்கும் ஓர் இடமுண்டு. அங்கு 1912இல் தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த வகைகளுள் ஒன்று 'கோ 39'. இது குலை நோய்க்கு மிக எளிதில் ஆளாகும் வகை. அந்தப் பலவீனமே அதற்குப் புகழ் தந்தது. பிலிப்பீன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம், காவல் மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பதற்கு இதையே அடித்தளமாகக் கொண்டது. ஆயினும் 'கோ 39' முற்றிலும் காவலற்றதன்று. அதனிடமுள்ள ஒரு காவலை விழிக்கச் செய்யும் பூஞ்சை மரபணு, வேறொரு புல்லைத் தாக்கும் பூஞ்சையில் கண்டறியப்பட்டது. நெல்லைத் தாக்கும் பூஞ்சைகளில் அந்த மரபணு இருக்கவேண்டிய இடத்தை 2002இல் ஆராய்ந்தபோது, அது சிதைந்தோ அடியோடு நீங்கியோ இருந்தது. சுற்றிலும் தாவும் கூறுகளின் துண்டுகள் கிடந்தன. கொள்ளை நடந்த வீட்டில் கிடைத்த கால்தடம் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கால்தடங்களுக்கு இன்னொரு பயன் உண்டு. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டார் என்பதை நாம் அறிவோம். சுவடிகளை ஒப்பிடுபவருக்குப் பிழைகள் பெரிதும் உதவும். இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், அவ்விரண்டும் ஒரே தாய்ச்சுவடியிலிருந்து வந்தவை என ஊகிக்கலாம். 1989இல் குலை நோய்ப் பூஞ்சையில் 'எம்.ஜி.ஆர்.586' என்று பெயரிடப்பட்ட ஒரு மறுவரியைக் கண்டனர். (தமிழருக்கு இப்பெயரைப் படித்ததும் புன்னகை வரும். ஆய்வாளர் நினைத்தது திரும்பத் திரும்ப வரும் வரிகளை மட்டுமே.) நெல்லைத் தாக்கும் பூஞ்சைகளில் இது ஏராளமான இடங்களில் செருகப்பட்டிருக்கிறது, பிற புற்களைத் தாக்கும் பூஞ்சைகளில் மிகக் குறைவு. செருகிய இடங்களின் வரிசையைக் கொண்டு எந்தப் பூஞ்சை எந்தக் குடும்பத்தது என வகுத்தனர். நான் மேலே சொன்ன 'பாட்3' இந்த எம்.ஜி.ஆர்.586 கூட்டத்தைச் சேர்ந்ததுதான். குற்றம் செய்ததும் குலம் காட்டியதும் ஒன்றே.

வயலில் இப்பூஞ்சை பெரும்பாலும் ஆண் பெண் சேர்க்கையின்றித் தன்னைத் தானே படி எடுத்துப் பெருகுகிறது. எனவே ஒரு முறை விழுந்த செருகல் அப்படியே அதன் வழிவந்த அனைத்துக்கும் போய்ச் சேர்கிறது. இதுவரை நாம் பார்த்தது மேலிருந்து கீழே இறங்கும் மரபு. முதுசொம் என்ற சொல்லுக்கு இதுவரை இடையூறு இல்லை.

இவ்வளவு செருகல்களையும் ஓர் உயிர் பொறுத்துக்கொள்ளவேண்டுமா? பொறுத்துக்கொள்ளாத பூஞ்சை ஒன்று உண்டு. அதுதான் மெக்கிளின்டாக் குரோமோசோம்களை எண்ணிய நியூரோஸ்போரா. ஆரஞ்சு நிறத்தில் மாவுபோல் பூக்கும் இது, தீ பட்ட தாவரங்களில் முதலில் வந்து குடியேறும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரமேஷ் மகேஸ்வரி 1990களில் கர்நாடகக் கரும்பு வயல்களில் இதன் வாழ்க்கையை ஆராய்ந்தார். அறுவடைக்குப் பின் தீயிட்ட கரும்புக் கட்டைகளில் இது ஆரஞ்சுப் பொடியாக வெடித்து வரும். நமக்கு இன்னும் அருகில், மேற்கு ஜாவாவில் கடலைப் பிண்ணாக்கை 'ஒன்சோம்' என்னும் உணவாக மாற்றுவதும் இவ்வினப் பூஞ்சைதான்.

நியூரோஸ்போரா சேர்க்கைக்குத் தயாராகும்போது, இரு பெற்றோரின் உட்கருக்களும் ஒன்றாகுமுன் தன் நூலை ஒரு முறை முழுவதும் சரிபார்க்கிறது. எந்த வரியாவது இரு முறை எழுதப்பட்டிருந்தால், அதன் எழுத்துகளை மாற்றிக் குலைத்துவிடுகிறது. சைட்டோசின் என்னும் எழுத்துகள் தைமினாகின்றன. ஒரே சேர்க்கையில் மறுவரியின் மாற்றத்தக்க எழுத்துகளில் 30 விழுக்காடு வரை மாறிவிடும். 1987இல் எரிக் செல்கரும் அவர் குழுவினரும் இதை அறிவித்தனர். இதற்குச் சுருக்கப்பெயர் 'ரிப்'. மேலைநாட்டுக் கல்லறைகளில் பொறிக்கும் மூன்றெழுத்தும் அதுவே.

இதில் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. குலைக்கப்படுவது படி மட்டுமன்று, மூலமும்தான். எது முதலில் வந்தது என்று அந்தக் காவல் பார்ப்பதில்லை. இரண்டு இருக்கின்றனவா, இரண்டையும் அழி. இதன் பயன், 2003இல் நியூரோஸ்போராவின் மரபணுத் தொகுதி வெளியானபோது தெரிந்தது. முழுமையான, தாவக்கூடிய கூறு ஒன்றுகூட அதில் இல்லை. இருந்தவையெல்லாம் சிதைந்த எலும்புக்கூடுகள். இதன் விலையும் அப்போதே தெரிந்தது. உயிர்கள் புதிய மரபணுக்களைப் பெறும் முக்கிய வழிகளுள் ஒன்று, பழைய மரபணு இரட்டித்து, ஒரு படி பழைய வேலையைச் செய்ய மற்றொன்று புதிய வேலையைக் கற்றுக்கொள்வது. இரட்டித்ததையெல்லாம் அழிக்கும் பூஞ்சைக்கு அந்த வழி ஏறத்தாழ அடைபட்டுவிட்டது. ஒன்றையொன்று நெருங்கி ஒத்த மரபணு இணைகள் அதில் மிகமிகக் குறைவு. தூய்மை கிடைத்தது, புதியது பிறக்கும் இடம் சுருங்கியது.

ஐதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் துர்காதாஸ் காஸ்பேகரும் அவர் மாணவர்களும் இக்காவல் எப்போது தவறுகிறது என்று தேடினர். 2001இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் ஓர் அழகான விடை இருந்தது. மிக நீண்ட இரட்டிப்பு ஒன்று நூலில் இருந்தால், சிறிய இரட்டிப்பு தப்பித்துவிடுகிறது. காவலின் உழைப்பு முழுவதும் பெரியதிலேயே செலவாகிவிடுகிறது போலும். நாற்பது கட்டுரைப் புத்தகங்களை ஒரே இரவில் திருத்தியிருக்கும் எந்த ஆசிரியருக்கும் இது விளக்கமின்றியே புரியும்.

தப்பிப் பிழைத்த கூறு ஒன்று இயற்கையிலும் கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் அடியோபோடூமே என்னுமிடத்தில் சேகரித்த நியூரோஸ்போராவில், 'டாட்' என்னும் தாவும் கூறு முழு உயிர்ப்புடன் இருந்தது. இங்குதான் நம் முதுசொம் ஆட்டங்காணத் தொடங்குகிறது.

பூஞ்சையின் உடல் நூலிழைகளால் ஆனது. இரண்டு பூஞ்சைகளின் இழைகள் தொடும்போது, ஒத்துப்போனால் அவை ஒன்றாக இணைந்துவிடும். அப்போது இரு வேறு குடும்பங்களின் உட்கருக்கள் ஒரே இழைக்குள், ஒரே கூழில் மிதக்கும். திருமணம் இல்லை, பிள்ளைப்பேறு இல்லை, ஒரே வீட்டில் குடியிருப்பு மட்டுமே. 1990இல் கின்சி என்னும் ஆய்வாளர், டாட் உள்ள பூஞ்சையையும் அது அறவே இல்லாத பூஞ்சையையும் இவ்வாறு இணையவிட்டார். பிறகு பார்த்தால், இல்லாத உட்கருவுக்குள்ளும் டாட் குடியேறியிருந்தது. அந்த உட்கருவின் வழிவந்தவை இனி அதைத் தம் மூதாதையர் சொத்தாகவே சுமந்து செல்லும். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பாட்டனாரிடமிருந்து என்றுதான் அவை சொல்லவேண்டியிருக்கும். அந்தப் பாட்டனாருக்கோ அது பக்கத்து அறைக்காரர் கொடுத்த இரவல்.

இன வரம்பையே தாண்டிய செய்திகளும் உண்டு. கோதுமையின் இலைப்புள்ளி நோயொன்று 1940களில் கடுமையாகத் தலையெடுத்தது. அதற்குக் காரணமான நச்சு மரபணு, கோதுமையைத் தாக்கும் வேறோர் இனப் பூஞ்சையிலிருந்து அண்மைக் காலத்தில் வந்தது என 2006இல் சான்று காட்டினர். மூன்றாவதோர் இனத்திலும் அது இருப்பது 2018இல் தெரிந்தது. அந்த நச்சு மரபணு தாவும் கூறொன்றின் நடுவில் பயணியைப்போல் அமர்ந்திருப்பதையும் பின்னர் கண்டனர். 2022இல் இன்னும் பெரிய கூறுகளுக்கு 'விண்கலம்' என்ற பொருளில் ஆய்வாளர் பெயர் வைத்தனர். அவை பத்துப் பதினைந்து மரபணுக்களையும், சில வேளைகளில் அதனினும் மிகுதியாகவும், ஒரே மூச்சில் ஏற்றிச் செல்லக்கூடியவை. தாவலை நடத்தும் மரபணு முகப்பில் மாலுமி போல் இருக்கும். நீலப் பாலாடைக்கட்டியில் வளரும் பூஞ்சையிடம் அவ்வாறு வந்த ஐந்து லட்சம் எழுத்துக்கும் மேற்பட்ட துண்டொன்று 2014இலேயே கண்டறியப்பட்டிருந்தது.

நம் குலை நோய்ப் பூஞ்சையும் இதில் சேர்த்தி. மேலே சொன்ன ஏ.வி.ஆர்.-பீட்டா மரபணுவை, ஜப்பானிய மொழியில் வெட்டுக்கிளி எனப் பொருள்படும் 'இனாகோ' என்னும் தாவும் கூறுகளின் அருகில் 2011இல் கண்டனர். அதே மரபணு வெவ்வேறு பூஞ்சைகளில் வெவ்வேறு குரோமோசோம்களில் இருந்தது. காவல் கடுமையான நெல்லில் அதை இழந்துவிட்டு, வேறு நெல் கிடைத்தபோது மற்றொரு பூஞ்சையிடமிருந்து மீண்டும் பெற்றுக்கொள்கிறது என்பது அவ்வாய்வாளர்களின் கருத்து. இது பொருள் பொதிந்த செய்தி. காவல் மரபணுவைப் புகுத்தி நெல் வகையை வெளியிடுபவர், பூஞ்சை அந்த மரபணுவைத் தொலைத்துவிட்டது என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. தொலைத்தது திரும்பாது என்று கணக்கிடவும் முடியாது.

சிராங்கூன் சாலையில் அரிசி வாங்கும்போது இப்போது எனக்கு இந்த நினைவுதான். நம் வீடுகளில் பொன்னி அரிசியைப் பூர்வீகச் சொத்தாகவே கருதுகிறோம். பொன்னி என்பது காவிரியின் பெயர். அந்த அரிசியின் வரலாறோ வேறு. தைவானின் தைச்சுங் 65, மலாய் நாட்டின் மாயாங் எபோஸ் 80 என்னும் இரு வகைகளின் வழிவந்தது மசூரி. அது மலேசியாவில் 1965இல் வெளியிடப்பட்டது. தமிழகத்துக்குச் சென்று, தேர்வு செய்யப்பட்டு, 1980களில் வெள்ளைப் பொன்னியாகப் பரவியது. ஜொகூர் பாலத்துக்கு அப்பாலிருந்து தஞ்சைக்குப் போய், காவிரியின் பெயரைச் சூட்டிக்கொண்டு, மூட்டையில் ஏறி மீண்டும் நம் தேக்காவுக்கு வந்திருக்கிறது. அதனால் அது தமிழர் உணவு ஆகாமல் போய்விட்டதா?

நான் உண்மையில் சொல்லவந்தது இனிமேல்தான். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ். 2020இல் அது 2.5 விழுக்காடு. இந்த எண் எனக்கு எண்ணாகத் தெரிவதில்லை. வகுப்பறையில் முகமாகத் தெரிகிறது. பெற்றோர் சந்திப்பில் ஒரு தாயார் என்னிடம் சொன்னார்: "வீட்ல நாங்களே தமிழ் பேசுறதில்ல டீச்சர். அப்புறம் அவனுக்கு எங்கேருந்து வரும்?" அவர் குரலில் அலட்சியம் இல்லை. கூரையில் மழை பெய்யாதபோது முற்றத்தில் எப்படி நீர் தேங்கும் என்ற நேர்மையான கேள்வி அது. அவருக்குத் தம் பெற்றோரிடமிருந்து வந்தது. தம்மிடமிருந்து மகனுக்குப் போகவில்லை. வழி அறுந்துவிட்டது என்றே அவர் நம்பினார். அந்த நம்பிக்கை வீட்டில் பேசப்படும்போது பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். தனக்குத் தமிழ் வராது என்பதைத் தமிழ் வகுப்பில் அமருமுன்பே அவன் கற்றுக்கொள்கிறான்.

அந்தச் சிறுவன் ஒரு வெள்ளிக்கிழமை, மறுவாரம் நாங்கள் செல்லவிருந்த கற்றல் பயணத்தைப் பற்றிக் கேட்டான்: "டீச்சர், செவ்வாய்க்கிழமை வெள்ளன வரணுமா?"

வெள்ளன! விடியற்காலையைக் குறிக்கும் அந்தச் சொல் நான் வகுப்பில் கற்பித்ததன்று. பாடநூலில் இல்லை. அவன் தாயாருக்குத் தெரியாது. பிறகு நானே கேட்டேன். அவன் பக்கத்து இருக்கையில் பட்டுக்கோட்டையிலிருந்து அந்த ஆண்டு வந்து சேர்ந்த சிறுமி ஒருத்தி அமர்ந்திருந்தாள். சொல் அவளிடமிருந்து வந்தது. இரண்டு இழைகள் தொட்டிருக்கின்றன. அவளும் வெறுங்கையோடு இருக்கவில்லை. ஒரே மாதத்தில் வாக்கியத்தின் முடிவில் 'லா' போடக் கற்றுக்கொண்டாள்.

அவன் கட்டுரையிலும் 'வெள்ளன' வந்தது. தேர்வுத் தாளுக்குரிய சொல் 'அதிகாலை' என்பதை நான் அவனுக்குச் சொல்லியாகவேண்டும். அது என் பணி. ஆனால் நியூரோஸ்போராவைப்போல் இரண்டையும் அழிக்கும் திருத்தம் ஒன்றுண்டு. சிவப்புக் கோடுகள் மிகுந்தால் பிள்ளை புதுச் சொல்லையும் விட்டுவிடும். பழைய சொல்லையும் எழுத அஞ்சும். மூன்று வரியில் பிழையில்லாத கட்டுரை கிடைக்கும். நான் 'வெள்ளன' என்பதை அடிக்கவில்லை. அதன் மேலே சிறிதாக 'அதிகாலை' என்று எழுதி, ஓரத்தில் "இரண்டையும் வைத்துக்கொள். முதலாவது பேச, இரண்டாவது எழுத" என்று குறித்தேன்.

பூஞ்சைக்கும் பிள்ளைக்கும் ஒப்புமை ஓரளவுக்கே செல்லும் என்பதை அறிவேன். தாவும் கூறுக்கு நோக்கம் இல்லை. பக்கவாட்டில் வருவதெல்லாம் நன்மையும் இல்லை. கோதுமைக்கு வந்தது நஞ்சு, நெல்லுக்கு வந்தது கழுத்துக் கருகல். வீட்டில் பேசப்படும் தமிழுக்கு ஈடாகப் பள்ளி அரைமணி நேரத்தில் எதையும் தந்துவிட முடியாது என்பதும் உண்மை. ஆயினும் அந்தத் தாயாரின் கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு விடை உள்ளது. மேலிருந்து வராவிட்டாலும் பக்கத்திலிருந்து வரும். ஒரு முறை வந்து அமர்ந்துவிட்டால், அவன் பிள்ளைகளுக்கு அது பரம்பரைச் சொத்தாகவே போய்ச் சேரும். எங்கிருந்து வந்தது என்று அவர்கள் ஆராயப்போவதில்லை. ஆனால் பக்கத்தில் யாராவது இருக்கவேண்டும், இழைகள் தொடவேண்டும்.

அதனால் சனவரியில் புதிய வகுப்பு தொடங்கும்போது நான் முதலில் செய்வது இருக்கை வரிசையை எழுதுவது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் முன்வரிசையில் கூடிச் சேர்ந்து உட்காருவதை அனுமதிப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் தமிழ் பேசாத வீட்டுப் பிள்ளை ஒன்று. ஐந்து வாரங்களுக்கு ஒரு முறை இடம் மாறும். பாடத்திற்கு இடையில் அவர்கள் கிசுகிசுத்தால், தமிழில் கிசுகிசுக்கும் வரை எனக்குக் காது கேட்பதில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் நீங்கள் கற்பிக்காத தமிழ்ச் சொல் ஏதேனும் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்திருப்பார்கள். எந்தச் சொல், யாரிடமிருந்து என்று கேட்டுப் பாருங்கள். எனக்கும் எழுதுங்கள், நான் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். முதல் சொல் 'வெள்ளன'.